கோப்பைத் தண்ணீரும் அரை பிளேடும்

எங்கள் தெருவில் என் தாத்தா தலைமுறை ஆண்கள் ஒருவருக்கும் ஊர்க் குடிமகனான நாவிதர் சவரம் செய்ததில்லை. அன்றைக்கு அது தென்னாற்காடு மாவட்டம். ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அதன் கரையில் புளியமரங்கள். அந்த மரத்தடியில்தான் அவர் ஊர்க்காரர்களுக்கு முடி வெட்டுவார், முகம் மழிப்பார். அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் அவருக்கு நெல் அளப்பார்கள். அவருடைய கத்தி வாய்க்காலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது கிடையாது. தாத்தாவிடம் அவரே சொன்னாராம்: “எனக்கு ஒன்னும் இல்லப்பா. உனக்குச் செரைச்சேன்னு தெரிஞ்சா களத்துல எனக்கு நெல்லு அளக்க மாட்டாங்க.” ஊர்க்காரர் திண்ணையில் ஏறி உட்கார முடியாதவர்தான் அவரும்.

எங்கள் தெருவுக்கு வேறு வழி இருந்தது. எனக்குச் சின்ன தாத்தா முறையாகும் ஒருவர் தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டுவார். திரௌபதியாகவோ சுபத்திரையாகவோ வர வேண்டியவருக்கு முகத்தில் ஒரு முடி நிற்கக்கூடாது. அரிதாரம் ஏறாது. அதனால் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டார். கூத்து இல்லாத மாதங்களில் தெருவுக்கே அவர்தான். கொட்டாங்கச்சியில் தண்ணீர், கையளவு சாணைக்கல், தேய்ந்துபோன ஒரு கத்தி. சோப்பெல்லாம் கிடையாது. தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் தாடையில் நெடுநேரம் தேய்ப்பார். முடி ஊறின பிறகுதான் கத்தியை எடுப்பார். “தண்ணி பாதி செரைச்சிடும், மீதிதான் கத்திக்கு” என்பார். அதைச் சொல்லிக்கொண்டேதான் தேய்ப்பார் என்று அப்பா சொல்வார்.

அம்பேத்கர் தன் இளமைக்கால அனுபவங்களை எழுதும்போது இதையும் எழுதியிருக்கிறார். சதாராவில் நாவிதர்கள் இருந்தார்கள், ஆனால் தீண்டப்படாதவர் தலையில் கை வைக்க ஒருவரும் முன்வரவில்லை. வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் அக்காதான் முடி வெட்டினாள், வெட்டி வெட்டியே அதில் தேர்ந்தாள். கல்லூரியில் அதைப் படித்தபோது சின்ன தாத்தாவின் கொட்டாங்கச்சி எனக்குக் கண்முன் வந்தது. சதாராவுக்கும் எங்கள் வாய்க்காலுக்கும் எவ்வளவு தூரம்! கத்திக்குப் போட்ட கட்டுப்பாடு மட்டும் ஒன்றாக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பிரஷ்ஷும் சோப்பும் இரும்பு ரேஸருமாகச் சவரம் செய்துகொள்வது நகரத்து இளைஞர்களிடம் சில வருடங்களாகத் திரும்பி வந்திருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகனும் அவன் நண்பர்களும் அதில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்த நண்பர்களில் ஒருவன் என்னைக் கேட்டான்: “இது ஓடிப்போற மோஸ்தரா, நிக்கிற பழக்கமா அங்கிள்?” நிற்கும் என்றேன். ஏன் என்று சொல்ல அன்றைக்கு நேரமில்லை. இப்போது சொல்கிறேன், அப்பாவிலிருந்து.

நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956-இல் ஏற்பட்டது. அடுத்த வருடம் நேரு வந்து சுரங்கம் தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். சுற்று வட்டாரத்துத் தெருக்களிலிருந்து எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். அப்பா போனது 1960-களின் தொடக்கத்தில். அங்கே அவர் பார்த்த புதுமைகளில் மண்ணைக் குடையும் ராட்சத இயந்திரங்களைவிட அவர் அடிக்கடி சொன்னது ஒரு சலூனைப் பற்றித்தான். சுவர் முழுக்கக் கண்ணாடி, சுழலும் நாற்காலி. எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அதற்கு முன் பார்த்ததில்லை என்பார். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், ‘கடை’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் சலவைக்கடையையும் முடிதிருத்தும் சலூனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அப்பாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அந்த நாற்காலி தெரியும்.

ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஊரில் நாற்காலி இல்லை. சின்ன தாத்தாவுக்கோ கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அப்பா தன் சம்பளத்தில் ஒரு சேவிங் செட்டு வாங்கினார். தகரப் பெட்டி. உள்ளே மூன்று துண்டுகளாகக் கழன்று வரும் ரேஸர், பன்றிமுடி பிரஷ், பெட்டி மூடியின் உட்புறம் ஒரு சிறு கண்ணாடி.

மூடி, தட்டு, பிடி என்ற அந்த மூன்று துண்டு அமைப்புக்குப் பின்னால் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் இருக்கிறார். மெல்லிய எஃகுத் தகட்டில் பிளேடு செய்ய முடியாது என்று பலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்யும் இயந்திரங்களை உருவாக்கினார். 1903-இல் விற்பனை தொடங்கியபோது அந்த வருடம் முழுக்க 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும்தான் போயின. காப்புரிமை 1904-இல் கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக 35 லட்சம் ரேஸர்களை வாங்கியது. நச்சுவாயு முகமூடி தோலோடு ஒட்டி நிற்கத் தாடி இடைஞ்சல். போர் முடிந்து வீரர்கள் வீட்டுக்குப் போனபோது பழக்கமும் கூடவே போனது. அந்த ரேஸரைக் கையில் எடுத்தவனுக்குக் கத்தி தீட்டத் தெரிய வேண்டாம், கோணம் பிடிக்க வருடக்கணக்கில் பழக வேண்டாம். பிளேடின் விளிம்பு நூலளவுதான் வெளியே தெரியும். வேறொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அது ஒரு வசதி. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அது பெரிய விடுதலை.

அப்பா வேலைக்குப் போகிற நாளெல்லாம் மழிப்பார், விடுமுறையில் ஊருக்கு வந்தாலும் மழிப்பார். ஊர்த் தெருவில் இதைப் பேசிக்கொண்டார்கள். கூலிக்குப் போகிறவன் மகன் தினமும் மழித்த முகத்தோடு நடப்பது சிலர் கண்ணை உறுத்தியது. மீசையை மேல்நோக்கி முறுக்கினால் அடி விழும் காலம் அது. அப்பா மீசையை முறுக்கவில்லை. உதட்டுக்கு மேல் நேர்கோடாக, ஒரு முடி பிசகாமல் வெட்டி வைத்திருந்தார். அதை யாராலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

அவர் சவரம் செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன். வாசல் திண்ணையில் கிழக்குப் பார்த்து உட்காருவார். வெளிச்சம் நேராக முகத்தில் விழ வேண்டும். தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து சுவரில் சாய்த்து வைப்பார். அம்மா உலையிலிருந்து கொதிநீர் கொஞ்சம் எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். முதலில் பிரஷ்ஷை அதில் ஊறப்போடுவார். பிறகு துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு தலையை அண்ணாந்து அசையாமல் இருப்பார். அப்போது அவரோடு பேசக்கூடாது. ஷேவிங் ரவுண்டு சோப்பில் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி நுரை எடுப்பார். நுரை பிரஷ்ஷின் அடிவரை ஏறி, கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு வரவேண்டும். கன்னத்தில் வட்டமாகத் தேய்ப்பார். மழிப்பதைவிட நுரை போடுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். பிறகு ரேஸர். அழுத்தவே மாட்டார். ரேஸரின் கனத்தையே முகத்தில் இறங்க விடுவார். காதருகிலிருந்து தாடைவரை முடி போகிற வாக்கில் ஒருமுறை. மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒருமுறை. எதிர்வாக்கில் போகவே மாட்டார். கத்தி நகரும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்திலிருந்தே பிளேடு மழுங்கிவிட்டதா என்று சொல்வார். கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்து முகம் முழுக்கத் தடவுவார். காயம் இருந்தால் அங்கே எரியும், இல்லாவிட்டால் குளிரும். எங்கே எரிகிறது என்று பார்த்து, மறுநாள் அந்த இடத்தில் கையை இளக்கிப் போடுவார்.

அந்தக் காலத்து பிளேடு துருப்பிடிக்கும். இரண்டு நாளில் விளிம்பு பழுப்பேறிவிடும். அப்பா அதைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, வந்த தாளிலேயே மடித்து வைப்பார். மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உட்புறச் சுவரில் விரலால் அமர்த்தி முன்னும் பின்னும் தேய்ப்பார், இன்னும் இரண்டு முகத்துக்கு வரும். 1960-களில் வில்கின்சன் கம்பெனி துருப்பிடிக்காத எஃகில் பிளேடு கொண்டுவந்து சந்தையையே மாற்றியது என்று பின்னால் படித்தேன். எங்கள் பெட்டிக்கடைக்கு அந்த மாற்றம் வர நாளாயிற்று. வந்தபின் அப்பா டோபாஸும் செவன் ஓ கிளாக்கும் மாற்றி மாற்றி வாங்கினார். டம்ளரில் தேய்ப்பதை மட்டும் விடவில்லை.

பிளேடு எங்கள் வீட்டில் சவரத்துக்கு மட்டும் இருந்ததில்லை. நான் பென்சில் சீவியது அதில், அம்மா தையல் பிரித்தது அதில். டிரங்குப் பெட்டியில் பிரிக்காத பிளேடு ஒன்று எப்போதும் இருக்கும். அதை யாரும் தொடக்கூடாது. தெருவில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் மருத்துவம் பார்க்கும் ஆயா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பிளேடு கேட்பாள். தொப்புள்கொடி அறுக்கப் புது பிளேடு வேண்டும், பழசு ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நள்ளிரவானாலும் அப்பா எழுந்து எடுத்துக் கொடுப்பார், மறுநாளே அந்த இடத்தில் இன்னொன்றை வாங்கி வைப்பார். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பலரை இந்த உலகத்தோடு சேர்த்துவைத்தது அப்பாவின் டிரங்குப் பெட்டி பிளேடுதான்.

சின்ன தாத்தா தண்ணீரைப் பற்றிச் சொன்னது எவ்வளவு சரி என்பதை வெகுகாலம் கழித்துப் புரிந்துகொண்டேன். முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும், உப்பினால் இளகும். வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். நுரையின் வேலை அந்தத் தண்ணீரைக் காயவிடாமல் பிடித்து வைப்பது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எஃகைவிட முடி ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது, பிறகு எப்படி எஃகு மழுங்குகிறது என்பது கேள்வி. ஆய்வாளர்களில் ஒருவரே மழித்து மழித்து பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். முடி வளைந்து பக்கவாட்டில் மோதும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு சில்லாகப் பெயர்கிறது என்று கண்டார்கள். தண்ணீரில் ஊறாத முடியில் கத்தி வைக்கக்கூடாது என்று திண்ணையில் கற்றவனுக்கு அந்தக் கட்டுரை சொந்த ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

நான் வளர வளரக் காலம் வேறு பக்கம் திரும்பியது. 1971-இல் ஜில்லெட் கம்பெனி இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் கொண்டுவந்தது. 1998-இல் அது மூன்றாயிற்று, 2006-இல் ஐந்தாயிற்று. டியூபில் அடைத்த கிரீம் வந்தது, பீய்ச்சினால் நுரையாகவே வரும் டப்பா வந்தது. அலுவலக நண்பர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். நான் மாறவில்லை. பிடிவாதம் ஒன்றும் இல்லை, அப்பாவின் ரேஸர் உழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு எந்தக் கம்பெனி பிளேடும் பொருந்தும், பெட்டிக்கடையில் கிடைக்கும். கார்ட்ரிட்ஜ் அப்படி இல்லை. பிடியை யாரிடம் வாங்கினாயோ அவரிடமே தலையையும் வாங்கியாக வேண்டும், அவர் சொன்ன விலையில். பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த ரேஸரில் இன்று செய்த பிளேடு உட்காருகிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பழக்கம் நிற்குமா என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பொருள் மலிவாக, எங்கும், யாரிடமும் கிடைக்கிறதா?

கம்பெனிகளுக்கும் இது புரிந்த ஒரு கட்டம் உண்டு. ஜில்லெட் இந்தியாவுக்காகச் செய்த ஒரு ரேஸரை எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அவர்களுக்கு அது பிடித்திருந்தது. இந்தியாவுக்கு வந்தால் முடி அடைத்துக்கொண்டு நின்றது. இங்கே அன்றைக்குப் பெரும்பாலோர் குழாயடியில் நின்று மழிக்கவில்லை, கோப்பைத் தண்ணீரோடு தரையில் உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில் மழித்தார்கள். பிறகு ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, 2010-இல் ‘ஜில்லெட் கார்டு’ கொண்டுவந்தார்கள். அப்போது ரேஸர் 15 ரூபாய், மாற்றுத் தலை 5 ரூபாய். அதில் இருந்தது ஒரே ஒரு பிளேடு. உலகத்துக்கு ஐந்து பிளேடு விற்றவர்கள் கோப்பைத் தண்ணீருக்கு முன்னால் ஒன்றுக்கு வந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அம்மாவின் எவர்சில்வர் டம்ளரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி நாளிலிருந்து அவன் பல பிளேடு கார்ட்ரிட்ஜ்தான். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள் வந்தன, சில சீழ் வைத்தன. தோல் மருத்துவர் விளக்கினார். முன்னால் போகும் பிளேடு முடியை இழுக்கிறது, பின்னால் வருவது தோலுக்குக் கீழே வெட்டுகிறது. சுருட்டை முடி மறுபடி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. ஒற்றை பிளேடுக்கு மாறு, முடி வாக்கில் மட்டும் மழி, நன்றாக ஊறவை என்றார். சின்ன தாத்தாவும் அப்பாவும் செய்து காட்டியதில் இவர் பெரிதாக ஒன்றும் கூட்டவில்லை. அதன் பிறகுதான் அவனுக்கு ஆர்வம் வந்தது. ஆர்வம் வந்தால் அவன் தலைமுறை செய்வதைச் செய்தான். ஜெர்மன் ரேஸர், பேட்ஜர் முடி பிரஷ், அதைத் தொங்கவிட ஒரு ஸ்டாண்டு, பீங்கான் கிண்ணம், ஏழெட்டு நாட்டு பிளேடுகள், சந்தன வாசனை சோப்பு, எலுமிச்சை வாசனை சோப்பு. குளியலறை அலமாரி நிறைந்தது.

மோஸ்தர் என்று சொல்வதானால் அந்த அலமாரியைச் சொல்லலாம். அதில் பாதி இப்போது இல்லை. சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டான், சிலது ஈரத்தில் கெட்டுப்போனது. ரேஸர் இருக்கிறது, ஒரு பிரஷ் இருக்கிறது, கடைத்தெருவில் வாங்கும் பிளேடும் ஒரே ஒரு சோப்பும் இருக்கின்றன. கழுத்தில் கட்டி இல்லை. அவனோடு சேர்ந்து தொடங்கியவர்களில் வாங்குவதில் மட்டும் இன்பம் கண்டவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் இப்போது காபி கொட்டை வறுத்துக்கொண்டிருக்கிறார்களாம். முகத்துக்குத் தேவைப்பட்டவர்களும் அந்தக் கால் மணி நேரம் பிடித்துப்போனவர்களும் தங்கிவிட்டார்கள். பழக்கம் எப்போதும் இப்படித்தான் சலித்து எடுக்கப்படுகிறது. தங்கியவர்களை நான் நம்புகிறேன்.

ஆனால் இவர்களை மட்டும் நம்பி அந்த பிளேடு இந்த நாட்டில் பிழைத்திருக்காது. அதைக் காப்பாற்றியது சலூன். 1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டில் விழிப்புணர்வுப் பிரச்சாரம் சலூன்கள்வரை போய்ச் சேர்ந்தது. எல்லாருக்கும் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டிப் போட்ட வழக்கம் போய், பிளேடு மாட்டும் கத்தி வந்தது. இருபக்க பிளேடைத் தாளோடு சேர்த்து நடுவில் ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவார்கள். உட்காருகிறவர் கண்ணெதிரே ஒடிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஒரு பிளேடு, இரண்டு முகம். தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு சலூன் இருக்கும். செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அங்கே பிளேடு ஒடியும் சத்தம் கேட்கும். பிரஷ்ஷும் நுரையும் தண்ணீரும் ஒற்றை பிளேடுமாகச் சவரம் இங்கே பெரும்பாலான இடங்களில் நிற்காமல் நடந்துகொண்டேயிருக்கிறது. திரும்பி வந்தது என்று சொல்கிறவர்கள் சலூனுக்குள் எட்டிப் பார்க்காதவர்கள்.

எங்கள் தெரு முனையிலும் இப்போது ஒரு சலூன் இருக்கிறது. நடத்துகிறவன் எங்கள் தெருப் பையன், சின்ன தாத்தாவுக்குப் பேரன் முறை. கடலூரில் ஒரு கடையில் நின்று தொழில் கற்றுக்கொண்டு வந்தான். வாய்க்காலுக்கு மேல் பாலம் வந்து வெகுநாளாயிற்று. ஊர்ப் பையன்கள் பாலத்தைத் தாண்டி வந்து அவன் நாற்காலியில் உட்காருகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்னும் வருவதில்லை. போன முறை ஊருக்குப் போனபோது அவனிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன், இப்போதைய பையன்கள் எல்லாரும் தாடி விடுகிறார்களே, உன் கத்திக்கு வேலை குறைந்துவிட்டதா என்று.

“யாருண்ணே சொன்னது? முழுசா மழிக்கிறவரு நாலு நாளு தள்ளிப்போடுவாரு. தாடி வெச்சவன் வாரத்துக்கு ரெண்டு வாட்டி வர்றான். கன்னத்துலயும் கழுத்துலயும் கோடு புடிக்கணும்ல, மெஷின்ல அது நிக்காது, கத்திதான் போடணும். பிளேடு முன்னெல்லாம் பொட்டலமா வாங்குவேன், இப்ப அட்டைப்பெட்டியா வாங்குறேன்” என்று சொல்லிக்கொண்டே புதுத் தாளைப் பிரித்து, என் கண்ணெதிரே பிளேடை இரண்டாக ஒடித்தான்.